டைனோசர் முட்டையைத் திருடியது யார்?

துருவிக்கு எல்லார் மேலும் சந்தேகம் வரும். பால் தண்ணீராக இருந்தால் பால்காரர் மேல் சந்தேகம். கணக்குப் பாடம் திடீரென்று சுலபமாக இருந்தால் வாத்தியார் மேல் சந்தேகம். "இன்னைக்குச் சீக்கிரம் தூங்கிடு கண்ணு" என்று அம்மா கொஞ்சம் கூடுதல் அன்போடு சொன்னால், தான் தூங்கிய பிறகு வீட்டில் எல்லாரும் ஐஸ்கிரீம் சாப்பிடப் போகிறார்களோ என்று சந்தேகம். எதையும் துருவித் துருவிக் கேட்டதால்தான் அவளுக்கு அந்தப் பெயர் வந்தது. அவளுடைய நிஜப் பெயர் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது.

அது கோடை விடுமுறை. அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போய்விடுவதால், பகலெல்லாம் துருவிக்கு அருங்காட்சியகத்தில்தான் வாசம். அவளுடைய சித்திக்கு அங்கே உருவங்கள் செய்யும் வேலை. காகிதம், கம்பி, பசை, வண்ணம் கொடுத்தால் போதும், யானையே செய்துவிடுவார். சித்தியின் மகனும் கூடவே வருவான். டைனோசர் பேச்சு எடுத்தாலே "விண்கல்தான்! விண்கல்தான் எல்லாத்தையும் அழிச்சுது!" என்று கத்துவான். அதனால் அவன் பெயரே விண்கல் ஆகிவிட்டது.

அருங்காட்சியக வாசலில் வாட்ச்மேன் மாமா உட்கார்ந்திருப்பார். துருவி வந்தால் கையை நீட்டி, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, "டிக்கெட்?" என்பார்.

துருவி வாசல் மரத்திலிருந்து ஓர் இலையைப் பறித்துக் கொடுப்பாள். அவர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். பிறகு ஓர் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு, "ம், உள்ள போகலாம்" என்பார். ஒரு நாளும் இது தவறியதில்லை.

இந்த விடுமுறையில் சித்தி ஒரு புது அறையைத் தயார் செய்துகொண்டிருந்தார். 'டைனோசர்கள் ஏன் மறைந்தன?' என்பதுதான் அறையின் பெயர். ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. அறையின் நடுவே மாடி உயரத்துக்கு ஒரு காகித டைனோசர் நின்றது. வலது சுவரில், நெருப்போடு பாய்ந்து வரும் ஒரு பெரிய விண்கல். இடது சுவரில்தான் வேடிக்கை. போலீஸ் நிலையத்தில் ஒட்டுவதுபோல வரிசையாகப் படங்கள், மேலே 'உயிருள்ள சந்தேக நபர்கள்' என்ற தலைப்பு. மீசை வைத்த நோய்க்கிருமி ஒன்று. கொழுத்த கம்பளிப்பூச்சி ஒன்று. விஷச் சிரிப்புச் சிரிக்கும் பூச்செடி. ஓடு மெலிந்து விரிசல் விட்ட முட்டை. கடைசியில், முட்டையைக் கட்டிப்பிடித்தபடி ஓடும் ஒரு குட்டி ரோமப் பிராணி.

"சித்தி, இந்தக் கம்பளிப்பூச்சியா அவ்வளவு பெரிய டைனோசரைக் கொன்னுது?" என்று துருவி கேட்டாள்.

"கடிச்சுக் கொல்லல. இருக்கிற இலையெல்லாம் இதுங்களே தின்னு தீர்த்திருந்தா, இலை தின்னுற டைனோசருக்கு என்ன மிஞ்சும்? அது பட்டினி கிடந்தா, அதைப் பிடிச்சுத் தின்னுற டைனோசருக்கு என்ன மிஞ்சும்? இப்படி ஒரு ஊகம்."

"யாராவது பாத்தாங்களா?"

"அப்ப ஒரு மனுஷன்கூடப் பொறக்கலயே! கிருமி வந்து சீக்காயிருக்கலாம், புதுசா முளைச்ச செடியில விஷம் இருந்திருக்கலாம், சின்னப் பிராணிங்க முட்டையெல்லாம் தின்னிருக்கலாம்னு ஆளுக்கு ஒண்ணு சொல்லியிருக்காங்க. நிறைய விஞ்ஞானிங்க விண்கல்லைத்தான் சொல்றாங்க."

"நான்தான் அப்பவே சொன்னேனே!" என்று விண்கல் குதித்தான்.

அறையில் இரண்டு வைக்கோல் கூடுகள் இருந்தன. கதவுக்குப் பக்கத்தில் வலது கூடு, உள்ளே தள்ளி இடது கூடு. ஒவ்வொன்றிலும் கோழி முட்டை அளவுக்குக் காகித முட்டைகள். அவற்றைச் செய்ய துருவியும் விண்கல்லும்கூட உதவியிருந்தார்கள்.

அந்த முட்டைகள்தான் காணாமல் போக ஆரம்பித்தன.

முதலில் ஒன்று போனது. "எங்கயாவது உருண்டிருக்கும்" என்றார் சித்தி. மறுநாள் இன்னொன்று போனது. அதற்கு மறுநாளும் போனது. காலையில் இருக்கும் முட்டை, மதியம் அறையைப் பூட்டிவிட்டுச் சாப்பிட்டு வந்தால் இருக்காது. இரவில் போகவில்லை, ஏனென்றால் சித்தி வீட்டுக்குக் கிளம்பும்போது கூடுகள் மேல் கண்ணாடிப் பெட்டியைக் கவிழ்த்து வைத்துவிடுவார்.

துருவியின் புருவம் மேலே ஏறியது. முதல் சந்தேகம் விண்கல் மேல்தான்.

"நான் முட்டை பக்கமே போகல" என்றான் அவன், யாரும் கேட்பதற்கு முன்பே.

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதையாக அல்லவா இருக்கிறது! துருவி அவனுடைய பையைக் கொட்டிப் பார்த்தாள். ஒரு பாதி பிஸ்கட்டும், மூன்று கூழாங்கல்லும், அழுக்கு சாக்ஸ் ஒன்றும் விழுந்தன. முட்டை இல்லை.

"இந்தக் கல்லு?"

"குட்டி விண்கல்" என்றான் அவன். அவன்மேல் இருந்த சந்தேகம் அதோடு போனது. முட்டையைத் திருடுகிற ஆளுக்கு முட்டையில் ஆசை வேண்டும். இவனுக்குக் கல்லில்தான் ஆசை.

அடுத்தது வாட்ச்மேன் மாமா. எல்லாரும் பின்கட்டில் சாப்பிடும்போது அவர் மட்டும்தான் முன்பக்கம் இருப்பார். அறைச் சாவியும் அவரிடம்தான் இருக்கும். சேச்சே, மாமாவா? என்று மனசு சொன்னது. ஏன் இருக்கக்கூடாது? என்று புருவம் கேட்டது. துருவி எப்போதும் புருவத்தின் பேச்சைத்தான் கேட்பாள்.

அன்று மாலை அவள் ஓசையில்லாமல் வாசலுக்குப் போனாள். மாமா குனிந்து மடியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் திடுக்கிட்டு, அதைச் சட்டென்று நாற்காலி மெத்தைக்கு அடியில் திணித்து, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"என்ன மாமா அது?"

"எது? ஒண்ணுமில்லையே!" காதுவரை சிவந்துவிட்டது அவருக்கு.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். துருவி ஒரே ஓட்டமாகச் சித்தியிடம் ஓடினாள். "சித்தி! கண்டுபிடிச்சுட்டேன்! வாட்ச்மேன் மாமாதான் முட்டையை எடுக்கிறாரு! நாற்காலிக்கு அடியில ஒளிச்சு வெச்சதை என் கண்ணால பாத்தேன்!"

"எதைப் பாத்தே?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. அருங்காட்சியகத்தின் தலைவி நின்றுகொண்டிருந்தார். எல்லாரும் அவரை மேடம் என்பார்கள். அவர் நடந்தால் செருப்புச் சத்தம்கூடக் கேட்காது.

துருவி ஓர் அடி பின்வாங்கினாள். "ஏதோ ஒண்ணு… ஒளிச்சு வெச்சாரு."

மேடம் வாசலுக்குப் போய் என்ன கேட்டாரோ, மாமா தலையைக் குனிந்துகொண்டார். திரும்பி வந்த மேடம், "கேட்டா வாயே திறக்கல. ஞாயித்துக்கிழமைக்குள்ள இது சரியாகலேன்னா வாசலுக்கு வேற ஆளைப் போட்டுடலாம்" என்று சித்தியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை. துருவி இலையோடு வாசலில் நின்றாள். மாமா கையை நீட்டவில்லை. கதவைத் திறந்துவிட்டு, எங்கோ பார்த்துக்கொண்டு, "போ பாப்பா" என்றார்.

அவ்வளவுதான். டிக்கெட் கேட்கவில்லை.

துருவி இலையைக் கையிலேயே வைத்துக்கொண்டு உள்ளே போனாள். பிடிபட்ட திருடனுக்குக் கோபம்தானே வரும்? மாமா முகத்தில் கோபம் இல்லையே, ஏதோ வலி மாதிரி அல்லவா இருந்தது? இப்போது அவளுக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்தது.

கொஞ்ச நேரம் கழித்துப் புது அறைக்குள் பேச்சுக் குரல் கேட்டது. அவள் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள். மாமா பெரிய டைனோசருக்கு முன்னால், வராத கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டபடி நின்றார். கையில் ஒரு சிறுவர் படப் புத்தகம்.

"வாங்க தம்பி, வாங்க பாப்பா. இவரு பேரு… ட்ரை… ட்ரைசரோ… ட்ரைசெரா…" அவர் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டார். "ட்ரைசெராடாப்ஸ்! மூணு கொம்பு. இலை மட்டும்தான் சாப்பிடுவாரு. பயப்படாதீங்க, கடிக்க மாட்டாரு."

துருவிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மெத்தைக்கு அடியில் போனது முட்டை இல்லை, இந்தப் புத்தகம். எட்டு வயதுப் பிள்ளைகள் படிக்கிற புத்தகத்தை வைத்துக்கொண்டு பெரிய மனிதர் பாடம் படிப்பதை யாராவது பார்த்தால் சிரிப்பார்களே என்று வெட்கப்பட்டிருக்கிறார். அந்த வெட்கத்தைத்தான் அவள் திருட்டு என்று ஊர் முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது உண்மைதான். இப்போது குறுகுறுத்தது அவளுடைய நெஞ்சு.

அவள் உள்ளே போய் நேரே அவர் முன்னால் நின்றாள். "மாமா, நான்தான் உங்களைத் தப்பா சொல்லிட்டேன். சாரி."

மாமா புத்தகத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். "பரவால்ல பாப்பா. குழந்தைங்க எதாவது கேட்டா, 'எனக்குத் தெரியாது, உள்ள போர்டைப் பாரு'ன்னுதான் இத்தனை வருஷமா சொல்லிட்டு இருக்கேன். இந்தத் தடவையாவது பதில் சொல்லலாம்னு பாத்தேன். மனசு கேக்காம இன்னைக்கும் ஒரு தடவை சொல்லிப் பாத்தேன். இனிமே எதுக்கு? ஞாயித்துக்கிழமை நான் இங்க இருக்கப் போறதில்ல."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் துருவியால் தாங்க முடியவில்லை.

மாமா போனதும் அவள் 'உயிருள்ள சந்தேக நபர்கள்' முன்னால் வந்து நிமிர்ந்து நின்றாள். இந்த முறை புருவத்தை நம்பவில்லை, கண்ணை நம்பினாள்.

கிருமி வந்திருந்தால் முட்டை கெட்டுப்போய்க் கூட்டிலேயே கிடக்கும், எழுந்து நடந்து போகாது. கம்பளிப்பூச்சி வந்திருந்தால் அறையில் உள்ள காகித இலைகளைக் கடித்திருக்கும். ஓர் இலைகூடக் கிழியவில்லை. பூச்செடிக்குக் கால் கிடையாது. ஓடு உடைந்திருந்தால் துண்டுகள் கிடக்கும். துண்டு ஒன்றுமில்லை. மிச்சம் இருப்பது ஒருவர்தான். முட்டையைக் கட்டிப்பிடித்தபடி ஓடும் ரோமக்காரர்.

அப்புறம்தான் அவள் கூடுகளைக் கவனித்தாள். வலது கூட்டில் எல்லா முட்டைகளும் அப்படியே இருந்தன. போனதெல்லாம் இடது கூட்டில். மனிதத் திருடன் என்றால் கதவுக்குப் பக்கத்தில் இருப்பதை விட்டுவிட்டு எதற்கு அவ்வளவு தூரம் உள்ளே நடக்கிறான்?

அவள் சித்தியிடம் ஓடினாள். "சித்தி, ரெண்டு கூட்டு முட்டையும் ஒரே மாதிரிதானே செஞ்சோம்?"

"ஒரே மாதிரிதான். வலது கூட்டுக்குச் செய்யும்போது கடைப் பசை இருந்துச்சு. அது தீர்ந்துபோனதால இடது கூட்டுக்கு மைதா பசை காய்ச்சினோம். நீதானே கிண்டினே?"

"வேற ஏதாவது வித்தியாசம்?"

சித்தியின் கையிலிருந்த தூரிகை நின்றது. "மைதா பசையில எப்பவும் துத்தம் கலப்பேன். நீல நிற விஷக் கல்லு. அது இருந்தா பூச்சி, எலி எதுவும் வாய் வைக்காது. அன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் கையால தொட்டுச் செய்யுறீங்களேன்னு துத்தத்தை விட்டுட்டேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்படின்னா இடது கூட்டுல இருக்கிறது முட்டை இல்ல சித்தி" என்றாள் துருவி மெதுவாக. "பலகாரம்!"

மேடம் சுலபத்தில் நம்பவில்லை. "எலியா? நான் ஒரு எலியைக்கூடப் பாத்ததில்லையே."

"நீங்க சாவியை உங்க கையிலயே வெச்சுக்கங்க மேடம். வாட்ச்மேன் மாமாவும் உங்க ரூமுலயே உக்காந்து சாப்பிடட்டும். முட்டை அப்பவும் போச்சுன்னா அவர் எடுக்கலன்னு ஒத்துக்குவீங்களா?"

மேடம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லாத்தான் கேக்கறே. சரி, செஞ்சு பாரு."

காகிதம் அச்சில் ஒட்டாமல் இருக்க, சித்தி முகப்பவுடர் தூவுவது வழக்கம். துருவி அந்த டப்பாவை எடுத்து இடது கூட்டைச் சுற்றித் தரை முழுவதும் தூவினாள். விண்கல்லும் உதவினான், பாதியைத் தன் தலையிலேயே கொட்டிக்கொண்டான். மேடம் தன் கையால் அறையைப் பூட்டினார்.

அன்று மதியம் மேடமும் மாமாவும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டதுபோல ஒரு சாப்பாட்டை யாரும் பார்த்திருக்க முடியாது. மேடம் மாமாவைப் பார்த்தார். மாமா சோற்றைப் பார்த்தார். ஊறுகாய் எடுத்துக்கொள்ளச் சொன்னார் மேடம். வேண்டாம் என்றார் மாமா.

கதவைத் திறந்தபோது இடது கூட்டில் ஒரு முட்டை குறைந்திருந்தது.

வெள்ளைப் பவுடரில், மல்லிவிதை அளவுக்குக் குட்டிக் குட்டிக் காலடிகள்! நடுவே வால் இழுத்த கோடு. பக்கத்தில் முட்டை உருண்டு போன தடம். எல்லாரும் தடத்தைப் பின்தொடர்ந்தார்கள். அது நேரே போய் டைனோசரின் பின்னங்காலில் முடிந்தது. காலடியில், காகிதம் சரியாக ஒட்டாத இடத்தில், முட்டை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை.

"உள்ள விளக்கு மாட்ட வயித்துல ஒரு கதவு வெச்சிருக்கேன்" என்றார் சித்தி. அவர் ஏணி போட்டு அதை மெல்லத் திறந்து டார்ச் அடித்தார். பிறகு துருவியையும் ஏற்றிக் காட்டினார்.

டைனோசரின் வயிற்றுக்குள், காகித முட்டைகளைப் பஞ்சாகக் கிழித்து ஒரு மெத்தை. அதில் கண் திறக்காத சுண்டெலிக் குஞ்சுகள், ரோஜா நிறத்தில், ஒன்றின்மேல் ஒன்றாக. ஓரத்தில் அவற்றின் அம்மா, அரை முட்டையைப் பிடித்தபடி, துருவியைச் சந்தேகமாகப் பார்த்தது.

"இன்னைக்கே மருந்து வெச்சுடுங்க" என்றார் மேடம் கீழேயிருந்து.

"வேண்டாம் மேடம்!" துருவி ஏணியிலிருந்து கிட்டத்தட்ட விழுந்தேவிட்டாள். "அது தப்பே பண்ணல. சாப்பிடுற பொருள்ல முட்டை செஞ்சது நாங்க. இடது கூட்டு முட்டையெல்லாம் கடைப் பசையில புதுசா செஞ்சுடறோம். குஞ்சுங்க கண்ணு திறக்கிற வரைக்கும் மட்டும் விட்டுடலாம். அப்புறம் நானே பின்பக்கத் தோட்டத்துல கொண்டுபோய் விடறேன்."

மேடம் யோசித்தார். சுவரில் இருந்த ரோமப் பிராணியைப் பார்த்தார். பவுடரில் பதிந்த காலடிகளைப் பார்த்தார். அவருடைய உதட்டோரம் லேசாகத் துடித்தது.

"இந்தக் காலடியை அழிச்சுடாதீங்க" என்றார். "மேல ஒரு கண்ணாடி போடுங்க. கடிச்ச முட்டை ஒண்ணும் வேணும். இந்த ஊர்லயே எந்த அருங்காட்சியகத்துலயும் இப்படி ஒரு சாட்சி இருக்காது." பிறகு வாட்ச்மேன் மாமாவின் பக்கம் திரும்பினார். "உங்களைச் சந்தேகப்பட்டது என் தப்பு. ஞாயித்துக்கிழமை வாசல்ல இருக்க வேண்டாம்."

மாமாவின் முகம் விழுந்தது.

"உள்ள நிக்கணும். வர்ற பிள்ளைங்களுக்கு நீங்கதான் விளக்கிச் சொல்றீங்க. நீங்க ஒத்திகை பாத்தது என் ரூம் வரைக்கும் கேட்டுச்சு."

ஞாயிற்றுக்கிழமை அறை நிரம்பி வழிந்தது. மாமா ட்ரைசெராடாப்ஸ் என்று ஒருமுறைகூடத் தடுமாறாமல் சொன்னார். திடீரென்று ஒரு குட்டிப்பெண் அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, டைனோசர் வயித்துக்குள்ள கீச்சுகீச்சுன்னு சத்தம் வருது!"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். விண்கல் வாயைப் பொத்திக்கொண்டான்.

"பசிக்குது போல" என்றார் மாமா முகம் மாறாமல். "இலை மட்டும்தானே சாப்பிடறாரு."

"டைனோசரை யாரு மாமா அழிச்சது?" என்று ஒரு பையன் கேட்டான்.

"விண்கல்!" என்று மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அந்தச் சந்தேகம்தான் பலமா இருக்கு தம்பி. ஆனா ஒருத்தரைக் குத்தவாளின்னு சொல்றதுக்கு முன்னாடி நல்லா விசாரிக்கணும்." மாமா சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் துருவியைப் பார்த்தார். துருவி உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவர் மன்னித்துவிட்டாரா இல்லையா என்று அந்தப் பார்வையில் தெரியவில்லை. அன்றைக்குப் பிறகு அவர் ஒருநாள்கூட டிக்கெட் கேட்கவில்லையே.

மதியம் கூட்டம் குறைந்ததும் மாமா வழக்கம்போல வாசலுக்கு வந்து உட்கார்ந்தார். துருவி வெளியே போனாள். மரத்திலிருந்து ஓர் இலையைப் பறித்தாள். டிக்கெட் வாங்கி நின்றவர்களின் வரிசையில், கடைசி ஆளாகப் போய் நின்றுகொண்டாள்.

அவள் முறை வந்தது. மாமா நிமிர்ந்து பார்த்தார். முகம் கடுகடுவென்று ஆனது. கை நீண்டது.

"டிக்கெட்?"

துருவி இலையை நீட்டினாள். மாமா முன்னும் பின்னும் திருப்பினார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். இலையின் நடுவே ஓர் ஓட்டை. அந்த ஓட்டை வழியாக ஒரு கண்ணால் அவளைப் பார்த்தார்.

"இதைக் கடிச்சது யாரு? கம்பளிப்பூச்சியா, நீயா?"

"சத்தியமா நான் இல்ல மாமா!"

"பிடிபட்டவங்க எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க." அவர் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு இலையைத் திருப்பிக் கொடுத்தார். "ம், உள்ள போகலாம். ஆனா உன் மேல எனக்கு ஒரு கண்ணு இருக்கு."

துருவி குதித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். தன்னை ஒருவர் சந்தேகப்படுவது இவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.